கச்சா எண்ணெய் விலை பற்றி வரும் செய்திகளில் எதை நம்பலாம் என்று எப்படி முடிவு செய்வது?

மன்னார்குடி உழவர் (வினா):

வணக்கம். சம்பா அறுவடைக்கு இயந்திரம் பேசி முடிக்கும் பொறுப்பை எங்கள் உழவர் குழு இந்த ஆண்டு என்னிடம் கொடுத்திருக்கிறது. தை மாதத்தில் டெல்டா முழுவதும் ஒரே நேரத்தில் கதிர் முற்றி நிற்பதாலும், ஈரம் காயாத வயலில் இறங்கக்கூடிய பெல்ட் வண்டிகள் வெளி மாவட்டங்களிலிருந்து வர வேண்டியிருப்பதாலும், கார்த்திகையிலேயே தரகர்களிடம் பேச்சைத் தொடங்கிவிடுகிறோம். இப்போது பேசிக்கொண்டிருக்கும் தரகர், கச்சா எண்ணெய் பீப்பாய் 150 டாலரைத் தாண்டப் போகிறது என்றும், இப்போது 93 ரூபாய் அளவில் இருக்கும் டீசல் 110 ரூபாய்க்கு வந்துவிடும் என்றும் சொல்லி, கடந்த ஆண்டு வாடகைக்கு மேல் மணிக்கு 500 ரூபாய் கூட்டிக் கேட்கிறார். இப்போதே முன்பணம் கொடுத்தால்தான் இந்த வாடகை என்றும், பொங்கல் நெருங்கினால் இன்னும் ஏறும் என்றும் சொல்கிறார்.

அவர் சொல்வது உண்மைதானா என்று குழுவின் வாட்ஸ்அப்பில் கேட்டேன். அதன் பிறகு குழப்பம் கூடிவிட்டது. ஒரு வெளிநாட்டு வங்கி 200 டாலர் வரும் என்று கணித்திருப்பதாக ஒருவர் அனுப்பினார். மின்சார வாகனங்கள் பெருகிவிட்டதால் விலை 30 டாலருக்கு விழும் என்று ஒரு காணொளி வந்தது. மத்திய அரசு டீசல் மீதான வரியை 2 ரூபாய் உயர்த்திவிட்டதால் நள்ளிரவு முதல் பங்க்கில் விலை ஏறுகிறது என்று தேதியில்லாத செய்தி ஒன்று வந்தது. கச்சா எண்ணெய் லிட்டர் 39 ரூபாய்தான், மீதி அத்தனையும் வரி என்று ஒரு படம். நரிமணத்தில் நம் மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு நாம் ஏன் வளைகுடா விலை கொடுக்க வேண்டும் என்று ஒரு பெரியவரின் குரல் பதிவு. இவற்றை அனுப்பியவர்கள் யாரும் ஏமாற்றுபவர்கள் அல்லர். தாங்கள் நம்பியதைத்தான் அனுப்பினார்கள்.

விலை என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒரு கூற்று கைக்கு வரும்போது அதில் எதை முதலில் பார்க்க வேண்டும், எந்தப் பகுதியை நாமே சரிபார்க்க முடியும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும். குழுவில் பெரும்பாலோர் ஐந்து ஏக்கருக்குக் கீழ் வைத்திருப்பவர்கள். வாடகையில் கூடுதலாகப் போகும் பணம் அவர்கள் வீட்டுச் செலவிலிருந்துதான் போகிறது.


கும்பகோணம் வணிகவியல் ஆசிரியர்:

வணக்கம் ஐயா. வகுப்பில் இதே பொருளை ஒவ்வோர் ஆண்டும் எடுக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

“எண்ணெய் விலை” என்று ஒருவர் சொன்னால், எந்த எண்ணெயின் எந்த விலை என்று முதலில் கேளுங்கள். உலகில் பல தரங்களில் கச்சா எண்ணெய் விற்கிறது. செய்திகளில் அதிகம் வருபவை வடகடல் பகுதியைச் சார்ந்த பிரென்ட் விலையும், அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ. விலையும்தான். நம் நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் வாங்கும் எண்ணெயின் விலையைக் காட்டுவதோ இந்தியக் கூடை விலை எனப்படுவது. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓமன், துபாய் எண்ணெய்களின் சராசரி விலை, மீதி பிரென்ட். மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழுள்ள திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு இந்தக் கூடை விலையைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் எவ்வளவு தூரம் வழிதவற நேரும் என்பதற்கு 2020 ஏப்ரல் 20ஆம் நாள் ஒன்றே போதும். அன்று டபிள்யூ.டி.ஐ. விலை பூஜ்யத்துக்குக் கீழே 37 டாலர் 63 சென்ட் வரை இறங்கி முடிந்தது. “எண்ணெயை எடுத்துக்கொண்டு போனால் பணமும் தருகிறார்கள்” என்ற செய்தி நம் ஊர் வரைக்கும் வந்தது. செய்தி பொய்யில்லை. ஆனால் அந்த விலை, மறுநாள் காலாவதியாகவிருந்த மே மாத முன்பேர ஒப்பந்தத்துக்கு, அதாவது பின்னொரு நாளில் பெறும் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு, மட்டும் உரியது. அந்த ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒக்லஹோமா மாநிலத்துக் குஷிங் என்ற ஊரில் எண்ணெயை நேரில் பெற்றுக்கொள்ள வேண்டும். ஊரடங்கால் தேவை சரிந்து அங்கே தொட்டிகளில் இடமில்லாமல் போனதால், எப்படியாவது கைமாற்றிவிட வேண்டும் என்று விற்றார்கள். அதே நாளில் பிரென்ட் 25 டாலர் அளவில் விற்றது. உண்மையான எண் ஒன்று, அது எதற்குரியது என்பதைச் சொல்லாமல் விட்டதால் தவறான செய்தியாகிவிட்டது.

அடுத்தது காலக்கெடு. “200 டாலர் வரும்” என்பதில் எப்போது என்பது இல்லை என்றால், அந்தக் கூற்று தவறு என்று யாராலும் எக்காலத்திலும் காட்ட முடியாது. தவறென்று காட்ட வழியே இல்லாத கணிப்புக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. 2008 மே மாதத்தில் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 6 முதல் 24 மாதங்களுக்குள் விலை 150 முதல் 200 டாலர் வரை போகக்கூடும் என்று எழுதினார்கள். ஜூலையில் விலை 147 டாலரைத் தொட்டபோது உலகமே அவர்களைப் பாராட்டியது. டிசம்பரில் அதே எண்ணெய் 40 டாலருக்குக் கீழே கிடந்தது. உங்கள் குழுவுக்கு வந்த “வெளிநாட்டு வங்கி” செய்தியில் வங்கியின் பெயரும் நாளும் இல்லையென்றால், இப்படிப் பழைய கணிப்பு ஒன்று மீண்டும் சுற்றுகிறதா என்று ஐயப்பட இடமுண்டு.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடிக்கும். எண்ணெய்த் துறையில் முதலீட்டு ஆலோசகராக இருந்த மேத்யூ சிம்மன்ஸ், 2010ஆம் ஆண்டின் சராசரி விலை 2005ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் 200 டாலருக்குக் குறையாது என்று, பத்திரிகையாளர் ஜான் டியர்னியுடன் 5,000 டாலர் பந்தயம் வைத்தார். 2010இன் சராசரி பணவீக்கத்தைக் கழிக்காமலேயே 80 டாலர் அளவில்தான் இருந்தது. அவர் தோற்றார். ஆயினும், எந்த ஆண்டு, சராசரியா உச்சமா, பணவீக்கத்தைச் சேர்த்தா கழித்தா என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லித் தன் பணத்தையும் வைத்தாரே, அந்த நேர்மை இன்று நமக்கு வரும் காணொளிகளில் இல்லை.

மூன்றாவதாக, சொல்பவரின் இடம். ஒபெக் என்பது எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் அமைப்பு. சர்வதேச எரிசக்தி முகமை, 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1974இல் எண்ணெய் வாங்கும் நாடுகள் சேர்ந்து தொடங்கியது. 2024ஆம் ஆண்டில் உலகத் தேவை நாளொன்றுக்கு 22 லட்சம் பீப்பாய்க்கு மேல் வளரும் என்று ஒபெக் ஆண்டின் நடுப்பகுதி வரை சொல்லிவந்தது. முகமையோ அதே காலத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பீப்பாய் என்றது. ஆகஸ்ட் தொடங்கி மாதந்தோறும் குறைத்துக்கொண்டே வந்து, டிசம்பரில் ஒபெக் 16 லட்சத்துக்கு இறங்கியது. இரண்டுமே பெரிய நிறுவனங்கள். இரண்டிடமும் தேர்ந்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இருந்தும் ஒன்று சொல்வது மற்றதைப் போல் இரண்டு மடங்கு. எனவே அறிக்கை ஒன்றை மேற்கோள் காட்டினாலே கூற்று உறுதியாகிவிடாது. மறுதரப்பு அறிக்கையையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். உங்கள் தரகரைப் பொறுத்தவரை, விலை ஏறும் என்று நீங்கள் நம்பினால் அவருக்கு முன்பணம் கிடைக்கிறது. அதனால் அவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது. ஆனால் ஆதாரம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.


நாகை விசைப்படகு உரிமையாளர்:

ஆசிரியர் உலக விலையைப் பற்றிச் சொல்லிவிட்டார். தம்பி, நீங்களும் நானும் பீப்பாய் வாங்குவதில்லை, பங்க்கில் லிட்டர்தான் வாங்குகிறோம். அக்கரைப்பேட்டையில் படகு வைத்திருப்பவர்களுக்கு டீசல்தான் பெருஞ்செலவு என்பதால் இந்த விலையை நான் நாள்தோறும் கவனித்து வருகிறேன். உலக விலைக்கும் பங்க் விலைக்கும் இடையே உள்ள கயிறு மிகவும் தளர்வானது என்பதே நான் கண்டது.

சட்டப்படி பார்த்தால் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்ற முறையும் வந்தது. நடைமுறை அப்படியில்லை. 2021 நவம்பரில் நிறுத்தி வைத்த விலை, ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகள் 2022 மார்ச் 10இல் வெளியான பிறகு, மார்ச் 22இல்தான் மறுபடி நகர்ந்தது. இடையில்தான் உக்ரைன் போர் தொடங்கி பிரென்ட் 130 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு மே 22இல் மத்திய அரசு வரியைக் குறைத்தபோது சென்னையில் டீசல் 94 ரூபாய் 24 காசுக்கு வந்தது. 2022 ஜூனில் இந்தியக் கூடையின் மாதச் சராசரி 116 டாலர். டிசம்பரில் 78 டாலர். இரண்டு மாதங்களிலும் சென்னை டீசல் அதே 94 ரூபாய் 24 காசு. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைக்கும் வரை அந்த விலை அசையவே இல்லை. பீப்பாய்க்கு 38 டாலர் இறங்கியும் நமக்கு ஒரு காசு இறங்கவில்லை என்பது ஒருபுறம்; 116 டாலர் இருந்தபோதும் 94 ரூபாய்தான் இருந்தது என்பது மறுபுறம். ஆகவே “150 டாலர் வரும், அதனால் டீசல் 110 ஆகும்” என்பதில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. முதலாவது உண்மையானாலும் இரண்டாவது தானாக உண்மையாகிவிடாது.

அந்த 2 ரூபாய் வரிச் செய்தி 2025 ஏப்ரலில் வந்ததுதான் என்று நினைக்கிறேன். அப்போது பெட்ரோல், டீசல் இரண்டின் மீதும் கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தினார்கள். ஆனால் கச்சா எண்ணெய் விலை சரிந்திருந்த நேரம் அது என்பதால், எண்ணெய் நிறுவனங்கள் அந்த உயர்வைத் தாங்களே ஏற்றுக்கொண்டன. பங்க் விலை மாறவில்லை. செய்தியின் முதல் வரி முழு உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. 2020லும் இப்படித்தான். ஆசிரியர் சொன்ன அந்த வீழ்ச்சியின்போது நமக்கு விலை குறையும் என்று காத்திருந்தோம். மே மாதம் டீசல் மீதான வரியை 13 ரூபாய் உயர்த்தினார்கள், குறைய வேண்டியது கஜானாவுக்குப் போயிற்று.

வரியின் கை எவ்வளவு நீளம் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். நாகூரைத் தாண்டி வாஞ்சூரில் நுழைந்தால் காரைக்கால், புதுச்சேரி ஆட்சிப்பகுதி. அதே நிறுவனம், அதே எண்ணெய், லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. மாநில வரி அங்கே குறைவு என்பதைத் தவிர வேறு காரணமில்லை. நாகூர்க்காரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் பெட்ரோல் போட்டுவருவதை எல்லாரும் அறிவார்கள்.


மன்னார்குடி உழவர்:

இருவருக்கும் நன்றி. விசைப்படகு அண்ணன் கொடுத்த 2022ஆம் ஆண்டுக் கணக்கைக் குழுவில் படித்துக் காட்டினேன். பலருக்கும் அது புதிதாக இருந்தது. இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. 39 ரூபாய்ப் படத்தையும் நரிமணம் பற்றிய குரல் பதிவையும் எப்படி எடுத்துக்கொள்வது? போர்ச் செய்தி வந்தால், அதுவும் வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் வெளியேறும் குறுகிய கடல்வழியான ஹார்முஸ் நீரிணை மூடப்படும் என்று தொலைக்காட்சியில் ஓடினால், அப்போதும் காத்திருப்பதுதான் சரியா?


திருவாரூர், ஓய்வு பெற்ற எண்ணெய் வயல் ஊழியர்:

முதல் கேள்விக்கு நான் விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். காவிரிப் படுகை எண்ணெய் வயல்களில் என் பணிக்காலம் கழிந்தது.

39 ரூபாய் என்ற எண்ணைச் சரிபார்ப்பது எளிது. ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லிட்டர். 2024 செப்டம்பரில் இந்தியக் கூடை 74 டாலர் அளவிலும், டாலர் 84 ரூபாய் அளவிலும் இருந்தன. 74ஐ 84ஆல் பெருக்கி 159ஆல் வகுத்தால் 39 ரூபாய் வருகிறது. எண் சரி. “மீதி அத்தனையும் வரி” என்பதுதான் தவறு. அப்போது டீசல் மீது மத்திய கலால் வரி லிட்டருக்கு 15 ரூபாய் 80 காசு. தமிழ்நாட்டின் வாட் வரி 11 விழுக்காடும் அதற்கு மேல் 9 ரூபாய் 62 காசும். சென்னை விலையான 92 ரூபாய்ச் சொச்சத்தில் இரண்டு வரிகளும் சேர்ந்து ஏறத்தாழ 33 ரூபாய்; மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 39ஐயும் 33ஐயும் கூட்டினால் 72. மீதி 20 ரூபாயில் கப்பல் கட்டணம், சுத்திகரிப்பு, ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கும் செலவு, பங்க் உரிமையாளரின் கமிஷன், நிறுவனத்தின் இலாபம் எல்லாம் அடங்கும். இந்த இலாபம் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்பது நியாயமான கேள்வி, கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் அப்படியே ஒரு லிட்டர் டீசலாகிவிடுவது போல வரைந்த படம் அந்தக் கேள்வியையே மறைத்துவிடுகிறது.

வரியைப் பற்றிய பேச்சில் கட்சி சார்ந்த கூற்றுகளும் வரும். அவற்றிலும் எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால் போதும். 2014க்கு முந்தைய மத்திய ஆட்சிக் காலத்தில், விலையைக் குறைத்து விற்ற எண்ணெய் நிறுவனங்களுக்கு ரொக்கத்துக்குப் பதிலாகக் கொடுத்த எண்ணெய்க் கடன் பத்திரங்களைத் தீர்க்கத்தான் வரி உயர்ந்தது என்று 2021இல் பரவலாகச் சொல்லப்பட்டது. அந்தப் பத்திரங்கள் உண்மைதான்; அப்போது தீர்க்க வேண்டியிருந்தது ஏறத்தாழ 1.3 லட்சம் கோடி ரூபாய், அதுவும் பல ஆண்டுகளுக்குப் பிரித்து. பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியாக 2020-21 என்ற ஒரே நிதியாண்டில் வந்தது ஏறத்தாழ 3.35 லட்சம் கோடி ரூபாய். மத்திய அரசு மட்டுமே எடுக்கிறது என்பாரும் உண்டு. மேலே சொன்ன 33 ரூபாயில் மாநிலத்தின் பங்கு பாதிக்குச் சற்று மேல். எந்தத் தரப்பு சொன்னாலும், சொன்ன காரணம் சொன்ன விளைவைத் தாங்குமளவுக்குப் பெரியதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

நரிமணம் பற்றி அந்தப் பெரியவர் கேட்டது உள்ளத்திலிருந்து வந்த கேள்வி. வயலும் நீரும் பாழாகுமோ என்ற அச்சத்தோடு வாழ்பவர்கள், அதற்கு ஈடாகத் தங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. 2017இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்தபோது மக்கள் பட்ட துயரத்தை நான் அறிவேன். ஆனால் விலை என்ற அளவில் மட்டும் பார்த்தால், இங்கே கிடைப்பது நாட்டின் தேவையில் மிகச் சிறு துளி. நாகூருக்கு அருகே பனங்குடியில் 1993இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை ஆண்டுக்கு 5 லட்சம் டன் கொள்ளளவுடன் இருந்து, பின்னர் 10 லட்சம் டன்னாக உயர்த்தப்பட்டது. இந்தியா ஓராண்டில் செலவிடும் பெட்ரோலியப் பொருள்கள் 2023-24 கணக்கில் 23 கோடி டன்னுக்கு மேல். நாடு முழுவதும் எடுக்கும் கச்சா எண்ணெய் 3 கோடி டன்னை எட்டவில்லை. தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. உள்நாட்டில் எடுக்கும் எண்ணெயும், அரசே விலையை நிர்ணயிக்கும் நிர்வாக விலை முறை 2002இல் கைவிடப்பட்ட பிறகு, உலக விலையை ஒட்டித்தான் விற்கிறது. எண்ணெய் எடுக்கும் ஊருக்கு என்ன சேர வேண்டும் என்பதை உரிமத் தொகையிலும் இழப்பீட்டிலும் பாதுகாப்பிலும் கேட்க வேண்டும்; பங்க் விலையில் கேட்டால் விடை கிடைக்காது.


கும்பகோணம் வணிகவியல் ஆசிரியர்:

போர்ச் செய்தி பற்றிய கேள்விக்கு: அப்படிப்பட்ட செய்தி பொய் என்று ஒதுக்கவே கூடாது. ஹார்முஸ் வழியாக 2024இல் சென்ற எண்ணெய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய். உலகம் செலவிடுவதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆபத்து பெரிது. ஆனால் செய்தி வந்த நாளின் விலையும், அடுத்த மாதத்து விலையும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வதற்கு வரலாறு இடம் தரவில்லை. 2019 செப்டம்பர் 14இல் சவூதி அரேபியாவின் அப்கைக் ஆலை தாக்கப்பட்டு, நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி தடைப்பட்டது. அடுத்த வணிக நாளில் பிரென்ட் 15 விழுக்காடு அளவுக்குத் தாவியது. மாத இறுதிக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதியபோது, ஹார்முஸ் மூடப்படும் என்ற செய்தியுடன் 23ஆம் நாள் காலை 80 டாலரைத் தாண்டிய பிரென்ட், போர்நிறுத்த அறிவிப்புக்குப் பின் மறுநாள் 70க்குக் கீழே முடிந்தது. இதற்கு மாறாக, 1973இல் அரபு நாடுகள் ஏற்றுமதியை நிறுத்தியபோது 3 டாலர் அளவிலிருந்து 12 டாலர் அளவுக்கு ஏறிய விலை திரும்பி வரவே இல்லை. ஆகவே நிகழ்ச்சி எவ்வளவு பரபரப்பானது என்பதைக் கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை பீப்பாய் எவ்வளவு காலத்துக்குச் சந்தையிலிருந்து விலகுகிறது, அதை ஈடுகட்ட வேறு இடத்தில் இருப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் விடை சொல்லாமல் விலையை மட்டும் சொல்லும் செய்தி முழுமையற்றது.

கணிப்புகளை எல்லாம் தள்ளிவிடலாமா என்றால், வேண்டாம். அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் மாதந்தோறும் குறுகிய காலக் கணிப்பு வெளியிடுகிறது. அதில் ஒற்றை எண்ணோடு நில்லாமல், முன்பேரச் சந்தையிலிருந்து கணக்கிட்டு, 95 விழுக்காடு உறுதியுடன் விலை எந்த எல்லைகளுக்குள் இருக்கும் என்று ஒரு வரம்பையும் தருவார்கள். ஓராண்டுக்கு அப்பால் போனால் அந்த வரம்பின் மேல்முனை கீழ்முனையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக விரிந்துவிடும். அவ்வளவு தரவுகளை வைத்திருப்பவர்களே இவ்வளவு அகலமாகச் சொல்லும்போது, “நிச்சயம் 150” என்றோ “நிச்சயம் 30” என்றோ சொல்பவர் தமக்குத் தெரிந்ததைவிட அதிகம் சொல்கிறார்.


தஞ்சாவூர் கணக்கர்:

பெரியவர்கள் சொன்னதை ஒட்டி, உங்கள் தரகரின் கூற்றை அவர் கொடுத்த எண்களைக் கொண்டே சோதித்துப் பாருங்கள் ஐயா. விலை ஏறுமா என்ற வாதமே தேவைப்படாது.

பெல்ட் வண்டி மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் எடுக்கும் என்பதை இரண்டு மூன்று ஓட்டுநர்களிடம் தனித்தனியே கேளுங்கள். கணக்குக்காக 10 லிட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். அவர் சொல்வது போலவே டீசல் 93இலிருந்து 110 ரூபாயானால் லிட்டருக்கு 17 ரூபாய் கூடுகிறது. மணிக்கு 170 ரூபாய். அவர் கேட்பது 500 ரூபாய். அந்த 500க்கு டீசலைக் காரணம் காட்ட வேண்டுமானால் டீசல் 143 ரூபாய்க்குப் போயிருக்க வேண்டும். டாலர் 84 ரூபாய் என்ற கணக்கில், பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறினால் லிட்டருக்கு ஏறத்தாழ 53 காசு. 75 டாலரிலிருந்து 150 டாலருக்குப் போய், அந்த உயர்வு முழுவதையும், அதன் மேல் 11 விழுக்காடு வாட் வரியையும் நம் தலையில் வைத்தாலும் கூடுவது 44 ரூபாய். டீசல் 137தான் ஆகும். அவர் கணிப்பு முழுவதும் பலித்தாலும் அவர் கேட்கும் தொகைக்கு அது காரணமாகாது.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கலாம். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வரும் செலவு, ஓட்டுநர் கூலி, உதிரிப் பாகங்கள், மழை பெய்து வண்டி சும்மா நின்றால் வரும் இழப்பு எல்லாம் உண்டு. தை மாதத்தில் வண்டி கிடைக்காது என்பதுதான் உண்மையான காரணம் என்றால் அதையே சொல்லி விலை பேசட்டும். அதற்கு வேறு விதமாகப் பதில் சொல்லலாம். வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்களுக்கு இ-வாடகைச் செயலியில் முன்பதிவு செய்து வையுங்கள். தனியார் இயந்திரங்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் விவசாயிகளையும் இயந்திர உரிமையாளர்களையும் வைத்து வாடகை நிர்ணயிப்பது டெல்டா மாவட்டங்களில் வழக்கமாக நடக்கிறது. அந்தத் தொகையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல் பற்றிய அச்சத்தை ஒப்பந்தத்திலேயே தீர்த்துவிடலாம். கடந்த ஆண்டு வாடகையை அடிப்படையாக வைத்து, ஒப்பந்த நாளன்று இருந்த டீசல் விலைக்கும் அறுவடை நாளன்று இருக்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை, மணிக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கில் கூட்டவோ கழிக்கவோ செய்வது என்று எழுதிக்கொள்ளுங்கள். விலை ஏறினால் நீங்கள் கொடுக்கிறீர்கள், இறங்கினால் அவர் விட்டுக்கொடுக்கிறார். தன் கணிப்பில் அவருக்கு உண்மையாகவே நம்பிக்கை இருந்தால் இதற்கு ஒப்புக்கொள்வதில் அவருக்குத் தயக்கம் இருக்காது.


மன்னார்குடி உழவர்:

கணக்கர் தம்பி சொன்னபடி மூன்று ஓட்டுநர்களிடம் கேட்டேன். 8 லிட்டரிலிருந்து 11 லிட்டர் வரை சொல்கிறார்கள். வயலில் சேறு அதிகமிருந்தால் கூடும் என்றும், பயிர் சாய்ந்திருந்தால் நேரமே இரட்டிப்பாகும் என்றும் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் 10 என்றே போட்டுக்கொள்ளலாம் என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. தரகரிடம் 170 ரூபாய்க் கணக்கைச் சொன்னபோது, டீசல் மட்டும் காரணமில்லை, வண்டித் தட்டுப்பாடும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். இனி அதைப் பற்றித் தனியாகப் பேசலாம். எந்த விலையை ஒப்பந்தத்தில் குறிப்பிடுவது என்பதில் மட்டும் ஐயம் இருக்கிறது. சென்னை விலையா, எங்கள் ஊர் விலையா?


தஞ்சாவூர் கணக்கர்:

உங்கள் ஊரில் வண்டிக்கு எங்கே டீசல் போடுவார்களோ அந்தப் பங்க்கின் விலையைப் போடுங்கள். கொண்டுவரும் செலவு சேர்வதால் சென்னை விலையைவிட டெல்டாவில் சற்றுக் கூடுதலாக இருக்கும்; ஆனால் உங்களுக்குத் தேவை வேறுபாடுதானே, இரண்டு நாளும் ஒரே பங்க் என்றால் போதும். பங்க்கின் பெயரை எழுதி, ஒப்பந்த நாளன்று அங்கே டீசல் போட்ட பில் ஒன்றை இணைத்துவிடுங்கள். விலை அதில் அச்சாகியிருக்கும். காரைக்கால் எல்லைக்குள் போட்ட டீசல் பில்லை ஏற்பதில்லை என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வரி வேறு என்பதால் கணக்கு பொருந்தாது.